ஆடி ஒன்றாம் தேதிக் கேள்வி

என் அம்மா ஆவுடையம்மாளுக்கு மஞ்சணத்திக்குளம் ஊர் செய்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றி வளைத்துச் சொன்னால் பாதியில் யாராவது எழுந்து 'ஊர் பக்கமும் நியாயம் இருக்குல்லா' என்று ஆரம்பித்துவிடுவார்கள்: கூட்டிலிருந்து விழுந்த என்னை, வழக்கப்படி ஆடி மாதம் பறவைகளோடு அனுப்பிவைக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள் என்பதற்காக, இருபத்திரண்டு வருடங்களாக அவள் குளத்தில் கால் நனைக்கக் கூடாது என்று தள்ளி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் குற்றம். அவ்வளவுதான் தண்டனை.

கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் குளிப்பது குளத்தில், துவைப்பது குளத்தில், மாடு கழுவுவது குளத்தில், கோடையில் தண்ணீர் உள்வாங்கியதும் பறவை எச்சம் ஊறிய வண்டலை வெட்டி வயலுக்குக் கொண்டுபோவது, கோரை அறுப்பது, பஸ் பிடிக்கக் கரைமேல் நடப்பது, சண்டை போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வது, எல்லாம் அங்கேதான். அம்மா இவை எல்லாவற்றுக்கும் வெளியே நின்றாள். பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் ஓடைப்பாலம் வழியாக இரண்டு மைல் சுற்றினாள். கரைமேல் நடந்தால் கால் நனையாதே என்று ஏழாம் வகுப்புப் படிக்கையில் நான் கேட்டுப் பார்த்தேன். கரையில் கசிவு இருக்கிறது என்றார்கள். கசிவு காய்ந்த சித்திரையில் நடக்கலாமா என்று கேட்டேன். உனக்கு வாய் நீளம் என்றார்கள். அதையும் ஒரு பதில் என்று எங்கள் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

தை பிறந்தால் மஞ்சமூக்கு நாரைகள் வந்துவிடும். குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் இடம் தீர்ந்ததும் ஊருக்குள் நுழையும். வேலிக்கருவை, ரேஷன் கடைப் புளி, பள்ளிக்கூடத்து வேம்பு, எங்கே மூன்று கிளை சேர்கிறதோ அங்கே ஒரு கூடு. பிறகு ஆறு மாதத்துக்கு ஊர் ஊராக இருக்காது. கூரை வெள்ளையாகும், காயப்போட்ட சேலை வெள்ளையாகும், தெருவில் நடக்கிறவர் தோள் வெள்ளையாகும், அழுகிய மீன் வாடை சோற்றுப்பானைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமலே எழுந்து போவார்கள். அப்படிக் கல்யாணம் நழுவிய பெண்கள் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். ஆனாலும் யாரும் ஒரு கூட்டைக் கலைத்ததில்லை. பறவையே இல்லாத ஐப்பசியில்கூட வெடி போடுவதில்லை, மரத்துக்கு ஞாபகம் இருக்கும், தை மாதம் போய்ச் சொல்லிக்கொடுத்துவிடும் என்பார்கள். தீபாவளி அன்று நாங்கள் பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர் வெடிச்சத்தத்தைக் கரையில் உட்கார்ந்து கேட்டு, எது அணுகுண்டு எது சரம் என்று பந்தயம் கட்டுவோம்.

விழுந்த குஞ்சு விழுந்த வீட்டுக்கு என்பது வழக்கம். காற்றில் கூட்டைவிட்டுக் குஞ்சு விழுந்தால், யார் முற்றத்தில் விழுகிறதோ அவர்கள் வளர்க்க வேண்டும். மற்ற வீடுகள் ஆளுக்கொரு பிடி மீன் கொடுக்க வேண்டும். வேலிமேல் விழுந்தால் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்த வீட்டுக்கு. ஆடி ஒன்றாம் தேதி கரைக்குக் கொண்டுவந்து, காலில் கட்டியிருக்கும் மஞ்சள் கயிற்றை அறுத்து, காற்றுக்கு எதிராகத் தூக்கி விட வேண்டும். வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய நாரைகள் அதைச் சேர்த்துக்கொண்டு போய்விடும். பறவைகள் யாரைக் கூப்பிடுகின்றனவோ அவரை விட்டுவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டவர்களுக்குக் குளம் இல்லை.

நான் விழுந்தது பங்குனி மாதம், பகல் பதினொரு மணிக்கு, மேல்காற்றில். எங்கள் வீட்டுக்கும் சொர்ணம் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே இருந்த வேலிக்கருவையில் அந்த வருடம் பன்னிரண்டு கூடுகள். ஏழாவது கூட்டிலிருந்து என்று சொர்ணம் பெரியம்மா சொல்லுவாள். நான் எத்தனை முறை கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்லுவாள், குரலை ஏற்றாமல், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

"பொத்துன்னு சத்தம். வந்து பார்த்தா கெடக்கு. ரெக்கையில்ல, அலகில்ல, உருட்டையா, நல்ல கறுப்பா. சரி, இந்த வருசம் இப்படி ஒண்ணு போலன்னு நெனச்சேன்."

"பயமா இல்லையா பெரியம்மா?"

"குஞ்சு விழுந்ததுக்கு என்னட்டி பயம். அலகைக் காணோமேன்னுதான் ரோசனை. யாரு வீட்டுக்குன்னு எப்படிச் சொல்ல?"

அதுதான் ஊருக்கு அன்று இருந்த ஒரே பிரச்சினை. மதகு திறக்கிற தளவாய் மாமாவைக் கூட்டிவந்தார்கள். ஊரில் தண்ணீர் பற்றியும் பறவை பற்றியும் அவர் சொல்தான் கடைசி. அவர் வேலியோரம் குத்தவைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அலகு இல்லாவிட்டால் மூக்கை வைத்துக்கொள்ளலாம் என்றார். நானோ ஒரு நிலையில் இல்லை. சொர்ணம் பெரியம்மா பக்கம் திரும்பினேன், ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினேன், வெயில் கண்ணில் பட மறுபடி அந்தப் பக்கம் திரும்பினேன். தூங்கட்டும், தூங்கும்போது மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று முடிவாயிற்று. மொத்தக் கூட்டமும் பேச்சை நிறுத்தி, ஆட்டை விரட்டி, என்னைத் தூங்கவைத்தது. நான் ஆவுடையம்மாள் பக்கம் பார்த்துத் தூங்கினேன். நான்கு பிள்ளை பெற்ற சொர்ணம் பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பொறாமை. அம்மாவுக்கு அப்போது புருஷன் செத்து ஒரு வருடம். வண்டல் ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்து போனவர் அவர். பிள்ளை கிடையாது. சொந்தம் கிடையாது. பிறந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் 'குளத்துக்கு அந்தப் பக்கம்' என்பாள். குளத்துக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லை. தேரி என்கிற செம்மணல் மேடும் வானமும்தான்.

மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி அயிரை வந்தது. பல் இல்லாத குஞ்சுக்கு அம்மா அயிரையை வேகவைத்துப் பிழிந்து துணியில் நனைத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் பல்கலைக்கழக ஹாஸ்டல் வாசலில் மீன்காரர் வண்டி வந்தால் என் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். ஊசி போட வந்த நர்ஸம்மா அட்டையில் பிறந்த இடம் என்ற இடத்தில் 'கருவை மரம்' என்று எழுதி, மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, 'வீடு' என்று மாற்றினார். கிராம நிர்வாக அலுவலர் ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்த்து, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'குஞ்சு' என்று எழுதினார். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதுகலையில் சேரும்போது அந்த நகலைப் பார்த்த அலுவலக எழுத்தர், வீட்டில் கூப்பிடும் பெயரை எல்லாம் கார்டில் ஏற்றக் கூடாதம்மா என்று அறிவுரை சொன்னார். நான் அவரிடம் வாதாடவில்லை. சில நாட்களில் எனக்கும் அலுத்துப்போகும்.

அந்த ஆடியில் கரைக்கு வந்த குஞ்சுகள் பதினொன்று, பன்னிரண்டாவது நான். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே நாரைகள் எங்கள் கூரைக்கு மேலே வட்டமிட்டன. வளர்ந்த நாரைக்குக் கூவுகிற குரல் கிடையாது, கூப்பிட வேண்டுமென்றால் அலகைத் தட்டும்; ஆயிரம் கொட்டாங்குச்சியைச் சேர்த்துத் தட்டுகிற மாதிரி மூன்று பகலும் அந்தச் சத்தம். கரையில் பதினொரு குஞ்சும் போயிற்று, சில நேராக, சில தண்ணீரை உரசி எழுந்து. அம்மா என்னை இடுப்பில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கூட்டத்துக்குக் கடைசியில் நின்றாள். நாரைகள் போகாமல் அவள் தலைக்கு நேர்மேலே வந்து சுற்றின.

"பிள்ளையக் கூப்பிடுது. விடு ஆவுட" என்றார் தளவாய் மாமா.

நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையைக் கரையிலிருந்து காற்றில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. சொர்ணம் பெரியம்மா எனக்காக மஞ்சள் கயிறு திரித்து எடுத்து வந்திருந்தாள். தளவாய் மாமா காற்று சரியாக இருக்கிறதா என்று துண்டைத் தூக்கிப் பார்த்தார். கூட்டிலிருந்து விழுந்தது பறக்காமல் வேறென்ன செய்யும் என்று அவர்கள் மனசார நம்பினார்கள். இந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு ஊர்களுக்கு இப்படி ஒரு தப்பைச் செய்கிற அளவுக்குப் பறவைமேல் பிரியம் கிடையாது. இதை நான் எத்தனையோ ராத்திரி எத்தனையோ விதமாக எனக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் பாதி வழியில் நின்றுவிடும், யார்மேல் என்று தெரியாமல்.

அம்மா விடவில்லை. ஏன் விடவில்லை என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் வாய் திறக்கவில்லை. உச்சிவேளை வரை சுற்றிவிட்டு நாரைகள் போயின. குளம் இல்லை என்று தளவாய் மாமா சொன்னார். அடுத்த ஆடியில் மறுபடி கேட்போம், பதில் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அப்படித்தான் ஆடி ஒன்றாம் தேதி எங்கள் வீட்டுக்கு வருடத்தில் ஒரு நாளானது. காலையில் குஞ்சுகளை விட்டு முடித்ததும், கரைக்குக் கீழே அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். அம்மா போய் நிற்பாள். தளவாய் மாமா, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில், "ஆவுட, ஏன் விடல?" என்பார். அம்மா தரையைப் பார்ப்பாள். "ஆவுட, ஏன் விடல?" யாராவது கொட்டாவி விடுவார்கள். "ஆவுட, ஏன் விடல?" சரி, அடுத்த வருசம் பார்ப்போம் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். வரவர கேட்பவருக்கும் அலுப்பு, நிற்பவளுக்கும் அலுப்பு, வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அலுப்பு. ஆனால் நிறுத்தலாம் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, எல்லோரும் வேறு யாரோ சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

அம்மா வெறும் இடுப்போடு நடந்து நான் பார்த்ததில்லை. நான் நடக்கப் பழகியதும் என்னை இறக்கிவிட்டு, அதே இடத்தில் அம்மிக் குழவியை முந்தானையில் சுற்றி ஏற்றிக்கொண்டாளாம். கடைக்குப் போனாலும் குழவி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் குழவி, பருத்திக்காட்டில் கூலிக்கு நிற்கும்போதும் குழவி. தண்டனைக்குப் பதில் தண்டனையாக அவளே ஏற்றிக்கொண்ட வேண்டுதல் என்று சிலர் நினைத்தார்கள். தெருவில் போனால், "ஆவுடைக்கு ரெண்டாம் பிள்ளை ஒடம்புக்குச் சௌகரியமா இருக்கா?" என்று கேட்பார்கள். அம்மா, "ம், நேத்தைக்கு நல்லாத் தூங்குச்சு" என்பாள். ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில் குழவியோடு கூட ஒரு கைப்பிடி ஆணியும் இரும்புத் துண்டும் முடிந்துகொள்வாள். வாசலில் நிற்கமாட்டாள். நானும் அதை வேண்டுதல் என்றுதான் நினைத்தேன், அதற்காக அவளோடு சண்டையும் போட்டேன், உன்னைத் தண்டித்தவர்களுக்கு நீயே உதவி செய்கிறாய் என்று. அவள் என்னிடம் வாதாடமாட்டாள். விளையாடப் போன என்னைத் திரும்ப அழைக்கக்கூட அவள் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. வாசலுக்குள் நின்று இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டுவாள், எந்தத் தெருவில் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும்.

நான் மட்டும் குளத்துக்குப் போகலாம். குஞ்சின்மேல் குற்றம் இல்லை என்பது வழக்கம். தாமரை இலைமேல் ஓடுகிற இலைக்கோழியையும், வயிறு நிறைந்து நகரமுடியாமல் கரையில் கிடக்கிற தண்ணீர்ப்பாம்பையும், வாலைத் தூக்கிக்கொண்டு சேற்றில் சீட்டியடிக்கிற உள்ளானையும், ஒற்றைக்காலில் நின்றபடி தூங்கி, தூக்கத்திலேயே கால் மாற்றுகிற கரண்டிவாயனையும் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேறும் பாவாடையெல்லாம் பாசியுமாக வீட்டுக்கு வருவேன். வேறு அம்மாக்கள் அடிப்பார்கள். என் அம்மா என்னை முற்றத்தில் நிறுத்தி, பாவாடை விளிம்பைக் கொத்தாகப் பிடித்து, தன் பாதத்துக்கு மேலே வைத்துப் பிழிவாள். நாலைந்து சொட்டுதான் விழும். கண்ணை மூடிக்கொள்வாள்.

"போதுமாம்மா?"

"போதும்ட்டி. சூடு இறங்கிட்டு."

எனக்குப் பறக்கத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வயதில், நான் பறந்து போய்விட்டால் அம்மாவுக்குக் குளம் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, மதகுச் சுவர்மேல் ஏறிக் கையை விரித்துக் குதித்தேன். காறை எலும்பு ஒடிந்தது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது, அம்மா என் பக்கத்தில் குழவியோடு உட்கார்ந்து, ஒடிந்த இடத்தை விரலால் தடவி, "உனக்கு இது வேண்டாம்ட்டி" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு ஆனிக் கடைசியிலும் நாரைகள் எங்கள் கூரையைச் சுற்றும்போது நான் முற்றத்தில் நின்று எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று கவனிப்பேன். ஒன்றும் அசையாது. திருநெல்வேலிக்குப் படிக்க வந்த பிறகு, ஐந்து வருடமாக ஆனி மாதம் நான் ஊரில் இருப்பதில்லை. ஆனாலும் நாரைகள் எங்கள் வீட்டைத்தான் சுற்றுகின்றன என்று சொர்ணம் பெரியம்மா போனில் சொல்லுவாள். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடமும் அவள்தான் கூப்பிட்டாள்.

"ஏட்டி பிரமு, அதுக உங்க கூரைமேல வந்துட்டு. நேத்தையிலயிருந்து தட்டுது. நீ இங்ஙன வந்துராத, உன்னைத்தான் தேடுது."

"அம்மா எப்படி இருக்கா பெரியம்மா?"

"காலு தரையில பாவ மாட்டேங்கு. உள்ளங்கால் ரெண்டும் வெடிச்சுப் பாளம்பாளமா நிக்கி. ஓடைப்பாலம் சுத்தி அவளால நடக்க முடியல. ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணிங்கா. செம்புல குடுத்தா குடிக்க மாட்டேங்கா, காலுக்குங்கா. குழாத்தண்ணி ஊத்துனா இது இல்லங்கா."

அன்று பஸ்ஸில் வரும்போது என் வாதத்தைத் தயார் செய்துகொண்டேன். பல்கலைக்கழகப் பேச்சுப்போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கியவள் நான். அம்மாவின் கால் குளத்தில் நனைய வேண்டும், இந்த ஆடியில், இல்லாவிட்டால் அவள் கால் அடுத்த ஆடிவரை தாங்காது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா அடுப்படியில் குழவியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கூரைக்கு மேல் அலகுகள் தட்டிக்கொண்டிருந்தன. எனக்காக அயிரை வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"படிப்பு எப்ப முடியுது?"

"முடிஞ்சிட்டும்மா. போன மாசமே பரீட்சை எழுதியாச்சு. காலேஜ்ல வேலைக்குச் சொல்லியிருக்காங்க."

"சமைக்கத் தெரியும்லா?"

"ஹாஸ்டல்ல நான்தாம்மா குழம்பு வைப்பேன்."

"அப்பச் சரி" என்றாள்.

மறுநாள் ஆடி ஒன்று. இந்த வருடம் விழுந்த குஞ்சுகள் ஆறே ஆறு, சீக்கிரம் முடிந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு நடத்திப்போனேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் சொர்ணம் பெரியம்மா. வெயில் ஏறியிருந்தது. எங்கள் கூரையிலிருந்த நாரைகள் எங்களோடு கூடவே வந்து கோயில் வேம்புக்கு மேலே வட்டம் போட்டன. தளவாய் மாமா வயதாகி, கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆவுட, ஏன் விடல?"

"மாமா, அதுக்கு நான் பதில் சொல்லுதேன்" என்றேன்.

"கேள்வி உனக்கில்லையே தாயி."

"கேள்வி என்னைப் பத்தினதுலா. விடக்கூடியதை விடாம வச்சிருந்தாத்தான் குத்தம். பறக்கத் தெரியாததைப் பிடிச்சு வச்சிருந்தா அது குத்தம் இல்லை, அது பிள்ளை வளர்க்கிறது. எனக்குப் பறக்கத் தெரியாது. இந்தாங்க." கைப்பையிலிருந்து, காறை எலும்பின் மாவுக்கட்டை அவிழ்த்தபோது எடுத்த பழைய எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினேன்.

தளவாய் மாமா அதைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "எலும்பு நல்லாத்தான் கூடியிருக்கு" என்றார்.

"மாமா, அது இல்லை விஷயம். நான் மனுஷப்பிள்ளை. அன்னைக்கு அம்மா உங்க பேச்சைக் கேட்டிருந்தா நான் கரைக்குக் கீழே செத்துக் கிடந்திருப்பேன். நீங்க எல்லாரும் கொலைகாரங்களா ஆகாம எங்க அம்மாதான் காப்பாத்தியிருக்கா. நியாயமா ஊரு அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

நன்றாகத்தான் பேசினேன். பேச்சுப்போட்டியாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். தளவாய் மாமா எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நீ குஞ்சு இல்லன்னு சொல்லுத."

"இல்லை மாமா."

"குஞ்சு இல்லாதது கூட்டுல இருக்காது."

அவர் எந்த வழியாக வருகிறார் என்று தெரிந்துவிட்டது, அடைக்கத்தான் தெரியவில்லை.

"கூட்டுல இல்லாதது கூட்டுலயிருந்து விழாது. அப்ப ஆவுட உன்னைய எங்கேருந்து தாயி கொண்டாந்தா?"

பின்னால் பைக்மேல் சாய்ந்திருந்த ஒருவன், "அப்ப புருசன் செத்து ஒரு வருசம்லா" என்று மெதுவாகச் சொன்னான். ஒருவர் சிரித்தார். நாலுபேர் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக யார் வாயிலும் வராத ஒரு பேச்சை நான்தான் வாசலைத் திறந்து உள்ளே விட்டிருந்தேன்.

"எலே, நாக்கை அடக்கு. விழுந்ததை நான் கண்ணால பார்த்தேன்" என்றாள் சொர்ணம் பெரியம்மா. "ஏழாவது கூடு."

"பார்த்தது சரி மைனி. இந்தப் பிள்ளையே இல்லங்காளே" என்றார் தளவாய் மாமா.

"அவா படிச்சவா. அவளுக்கு என்ன தெரியும்."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி ஒன்றாம் தேதி அவள் தரையைப் பார்க்காமல் நின்றது அதுதான் முதல்முறை. நாரைகள் நன்றாகத் தாழ்ந்துவிட்டன, சிறகுக்கு அடியிலிருக்கும் இளஞ்சிவப்பு தெரிகிற அளவுக்கு. அலகுச் சத்தத்தில் கோயில் மணியின் நாக்கு லேசாக அதிர்ந்தது.

தளவாய் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களைத்துப்போன குரலில், ஆனால் இந்த முறை வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"ஆவுட. நீயாச்சும் சொல்லு. ஏன் விடல?"

அம்மா முந்தானையை அவிழ்த்தாள். "இதைக் கொஞ்சம் பிடி" என்று குழவியை என் கையில் கொடுத்தாள். அதன் கனத்தில் நான் ஒரு பக்கம் சரிந்தேன். இத்தனை வருடமும் அவள் இதை எப்படிச் சுமந்தாள் என்று அப்போதுதான் யோசித்தேன். பிறகு ஆணிகளையும் இரும்புத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கோயில் படியில் வைத்தாள். நிமிர்ந்தாள். வெயில் நேர்மேலே இருந்தது, எல்லார் நிழலும் அவரவர் காலடியில் ஒட்டிக்கிடந்தது. அம்மாவின் நிழலுக்கும் அவள் வெடித்த பாதத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ஒரு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. சொர்ணம் பெரியம்மா, கொடியில் காயும் துணியைக் காற்றில் பிடிப்பதுபோல், அம்மாவின் சேலை நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அதுக கூப்பிட்டது இவளைய இல்ல அண்ணாச்சி, என்னைய" என்றாள் அம்மா. "சொல்லியிருந்தா வழக்கப்படி நீங்க என்னைய விட்டிருப்பிய. பிள்ளை பசிச்சு அழுதுச்சு. அதான் போகல."